உலக்கை போச்சு, சர்க்கரை வந்தது!

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 62. பெரியம்மாவின் சர்க்கரை வியாதிக்கு வயது 14. ஸ்ரீராமன் வனவாசம் போனதுகூடப் பதினான்கு வருஷத்தில் முடிந்துவிட்டது. இந்த வியாதி மட்டும் வந்த வீட்டை விட்டுக் கிளம்புவதாகக் காணோம்!

பெரியம்மாவை நேரில் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒல்லியான தேகம். "உனக்கா சர்க்கரை? குண்டாக இருப்பவர்களுக்கல்லவா அது வரும்?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போனவள். காப்பியில் சர்க்கரை கிடையாது. பட்சணத் தட்டைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. தினமும் காலையில் பார்க்கில் 40 நிமிஷம் நடை. வைத்தியர் சொன்ன எதையும் அவள் தவறவிட்டதில்லை. அப்படியும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 8.4 என்றே வந்து நின்றது. ஏழுக்குக் கீழே வர வேண்டும் என்பது வைத்தியரின் ஆசை.

"நடையாய் நடக்கிறேன், வாயைக் கட்டுகிறேன். இன்னும் என்னதான் செய்யணும்?" என்று பெரியம்மா கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பதில் கொல்லிமலையில், ஒரு வாழைப்பழக் கூடையோடு படியேறி வந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பெரியம்மாவுக்கு அறப்பளீசுவரரிடம் ஒரு பழைய பிரார்த்தனை பாக்கி. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். முப்பதைத் தாண்டியதும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள், எழுபதில்தான் திறந்தாள். மேலே போனால் குளிர்ந்த காற்று, மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், பலா, வாழை, அன்னாசி!

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு புகழும் வள்ளல் அல்லவா? "அம்பை விடு. அந்த வில்லைத் தூக்கவே எனக்கு நாலு பேர் வேண்டும்!" என்றாள் பெரியம்மா. அப்போது சிரித்தோம்.

மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பினோம். "தரிசனம் ஆகும்வரை பல்லில் ஒன்றும் படாது" என்று பெரியம்மா சங்கல்பம் செய்துகொண்டாள். ஆனால் மாத்திரை மட்டும் வேளை தவறவில்லை. ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பு என்று நானும் மெச்சிக்கொண்டேன். காலேஜில் படித்த எனக்கும் அதில் இருந்த ஆபத்து தெரியவில்லை.

தரிசனம் திவ்யமாக ஆயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில்தான் ஆகாய கங்கை அருவி. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் போவதா? வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்றாள். இறங்கும்போது எல்லாருக்கும் வீரம் இருக்கும். அருவியின் சாரலில் நனைந்து, குழந்தைபோல் சந்தோஷப்பட்டாள்.

ஏறும்போதுதான் வினை வந்தது. முந்நூறு படி ஏறியிருப்போம். பெரியம்மாவின் முழங்கால் துவண்டது. முகம் வெளுத்து, நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டியது. "என்ன செய்கிறது?" என்று கேட்டால், சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது. எனக்கு உயிரே போய்விட்டது. இருதயம்தானோ என்று நினைத்தேன். பையில் பணம் இருந்தது, செல்போன் இருந்தது. ஒரு சர்க்கரைத் துண்டு இல்லை.

அப்போது கீழேயிருந்து, தலையில் வாழைப்பழக் கூடையோடு ஒரு மலைவாசி அம்மாள் ஏறி வந்தாள். பெரியம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள்.

"சக்கரைக்கு மாத்தரை போடறாங்களா? காலையில சோறு தின்னாங்களா?"

"மாத்திரை போட்டார்கள். சாப்பிடவில்லை" என்றேன்.

கூடையை இறக்கி என் பக்கத்தில் வைத்தாள். மேலே ஒரு திருப்பத்தில் டீ விற்றுக்கொண்டிருந்தவனிடம் விடுவிடென்று ஏறிப் போனாள். அறுபது எழுபது படி இருக்கும். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர். பெரியம்மாவுக்கு விழுங்குகிற நினைவு இருந்தது, நல்ல காலம். மெல்ல மெல்லக் குடித்தாள். பத்து நிமிஷத்தில் வேர்வை அடங்கியது. கால் மணி நேரத்தில், "நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்?" என்று கேட்டாள். பிறகு கூடையிலிருந்து இரண்டு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள் அந்த அம்மாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதேதானுங்க. மாத்தரையப் போட்டுக்கிட்டு, சோறு திங்காம மொளகு பறிக்க மரத்துல ஏறிட்டாரு. மரத்துலயே மயக்கம். கீழ விழுந்து கால் ஒடிஞ்சுது. அன்னிக்கி ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க."

மலையில் தேனும் தினைமாவும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்று நாம் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு நினைக்கிறோம். அங்கேயும் அது வந்துவிட்டது.

பெரியம்மாவின் அக்குளில் கை கொடுத்து, மீதிப் படிகளையும் அந்த அம்மாள்தான் ஏற்றிவிட்டாள். தலையில் கூடை அப்படியே இருந்தது! பேச்சுவாக்கில் வயதைக் கேட்டேன். "அறுவது தாண்டிருச்சுங்க" என்றாள். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியோடு கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"சின்ன வயசுல விடியறதுக்கு முன்ன சாமை குத்தணுமுங்க. உமி போகக் குத்திப் பொடைச்சாத்தான் அன்னிக்கிச் சோறு. கையெல்லாம் காப்புக் காச்சிப் போயிரும். இப்ப மிஷினு வந்துருச்சு. உலக்கை மூலையில நிக்கிது. போனா போகட்டும், நல்லதுதான்" என்றாள். சிரித்துக்கொண்டே, "என் மருமவ ஒரு கொடம் தண்ணி தூக்கினா இடுப்புப் புடிச்சுக்கிது!" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, முதலில் எங்கள் இருவருக்கும் நல்ல டோஸ் கொடுத்தார். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள் உண்டு: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை. அவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி இருப்பதே தப்பு. அதோடு ஆயிரம் படி ஏறுவது இரட்டைத் தப்பு. "விரதம் இருப்பதானால் என்னைக் கேட்டுவிட்டு இருங்கள்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார்.

பெரியம்மா முயன்றாள். முடியவில்லை.

"இதுதான் விஷயம். உங்கள் சர்க்கரை இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம். உங்களிடம் சதை போதாது" என்றார் வைத்தியர்.

குதிரும் சாவியும்

அவர் சொன்னதை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்ந்து இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்! ஆனால் நாம் ஒரு வேளை உண்ணும் சாதத்தில் 60, 70 கிராம் மாவுச்சத்து இருக்கும். அது ஜீரணமாகி வரும்போது எங்கேயாவது கொட்டிவைத்தாக வேண்டுமல்லவா?

அறுவடையான நெல்லைக் குதிரில் கொட்டுவதுபோல், உடம்பு அந்தச் சர்க்கரையைக் கொட்டிவைக்கும் பெரிய குதிர் நம் தசைதான். ஈரலில் ஏறக்குறைய 100 கிராம்தான் கொள்ளும். ஒருவரின் தசைகள் எல்லாம் சேர்ந்தால் 400 கிராம் வரை கொள்ளும். குதிரின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். நாற்பது வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகை நீரிழிவில் இந்தச் சாவி துருப்பிடித்துப் போகிறது. திருகினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. நெல் முற்றத்திலேயே கிடக்கிறது. அதாவது சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது.

இங்கேதான் ஓர் அதிசயம். தசை பாடுபட்டு வேலை செய்யும்போது, இன்சுலின் என்ற சாவி இல்லாமலே ஒரு புழக்கடைக் கதவு திறக்கிறது! அந்த வழியாகச் சர்க்கரை உள்ளே போகிறது. வேலை முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசைக்கு இன்சுலின் சொன்ன பேச்சைக் கேட்கும் குணம் அதிகமாக இருக்கிறது.

நடந்தாலும் கதவு திறக்கும். ஆனால் நடை, குதிரைப் பெரிதாக்குவதில்லை. பாரம் தூக்கினால்தான் தசை வளரும், குதிரும் பெரிதாகும். முப்பது வயதுக்குப் பிறகு, கவனிக்காமல் விட்டால், பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டுப் பங்கு வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பையனைக் கூப்பிட ஆரம்பிக்கிறோமே, அதுதான் அடையாளம்!

"ஒல்லியாக இருக்கிறேனே!" என்று பெரியம்மா கேட்டாள். அதற்கும் வைத்தியரிடம் ஒரு கதை இருந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் தங்கள் படத்தையே போட்டுக்கொண்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால், லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9 பங்கு; நம் புனேக்காரருக்கு 21 பங்கு! நம் தேசத்து ஒல்லி, பார்வைக்கு மட்டும்தான் ஒல்லி. உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம்.

இந்தக் கணக்கு எங்கள் பெரியம்மாவுக்கு மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று அது மதிப்பிடுகிறது. 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, இந்த ஒரு வியாதிக்குத் தனிப் பிரிவு எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். இன்று அப்படி யார் கேட்பார்கள்?

நடையா, பாரமா?

இரண்டும் வேண்டும் என்பதுதான் பதில். கனடாவில் 251 நீரிழிவுக்காரர்களை நாலு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2007-ல் வந்தது. நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்களுக்கும் சர்க்கரை குறைந்தது. பாரம் தூக்கினவர்களுக்கும் குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது: மூன்று மாதச் சராசரியில் ஏறக்குறைய ஒரு புள்ளி. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது! அமெரிக்காவில் 262 பேரை ஒன்பது மாதம் வைத்துப் பார்த்து 2010-ல் சொன்னதும் இதையேதான்.

நம் பெரியவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்று பெருமையடித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பிரமேகம் என்ற நீரிழிவு வகை வியாதி கண்டவன் நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு தோண்டட்டும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. நடை ஒன்று, பாரம் ஒன்று. கணக்கு சரியாக வருகிறதல்லவா?

"காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. களைப்பு உண்மைதான். ஆனால் களைப்பு வேறு, தசைக்குப் பலம் சேர்ப்பது வேறு. ஒரு காலத்தில் உரலில் குத்தினோம், ஆட்டுக்கல்லில் அரைத்தோம், கிணற்றில் இறைத்தோம், குடத்தை இடுப்பில் வைத்தோம். இன்று மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், வாஷிங் மெஷின். நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்குகிறது. தோளுக்கும் தொடைக்கும் முதுகுக்கும் பாரம் என்பதே இல்லை.

அதற்காக மிக்ஸியைத் தூக்கிப் போட்டுவிட்டு உரலைத் தேடுங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கொல்லிமலைப் பெண்களைக் கேளுங்கள். சாமையும் தினையும் பயிரிடுவது அங்கே குறைந்து, மரவள்ளிக்கிழங்கு பரவியதற்குச் சொல்லப்படும் காரணங்களில், குத்திப் புடைக்கும் இந்தப் பாடும் ஒன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் சிறுதானியத்தை மீட்க முனைந்தபோது, உமி நீக்கும் மிஷினை ஊருக்குள் கொண்டுவருவதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. நியாயம்தானே? உலக்கை பெண்களின் தூக்கத்தைத் தின்றது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து பாரமும் போய்விட்டது. பாட்டை விட்டுவிட்டுப் பாரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வோம். தினமும் விடியுமுன் அல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரை மணி நேரம்.

சாமைச் சோறு சாப்பிட்டால் போதும், சர்க்கரை பறந்துவிடும் என்பாரும் உண்டு. சாமையிலும் மாவுச்சத்து இருக்கிறது, அம்மா! தவிடு போகாத தானியம் மெதுவாக ஜீரணமாகும், அவ்வளவுதான். அளவு அளவுதான்.

பெரியம்மா செய்வது என்ன?

வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள். அடுத்தடுத்த நாள் வேண்டாம். தசைக்கு ஓய்வு தேவை. மற்ற நாட்களில் வழக்கமான நடை. வாரத்துக்கு 150 நிமிஷ நடை என்பது பொதுவான கணக்கு.

முதலாவது, சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது. ஆரம்பத்தில் கையை ஊன்றலாம். போகப் போகக் கையை விட வேண்டும். இரண்டாவது, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புவது. தண்டாலுக்கு இது தங்கை. மூன்றாவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்கொன்று. ஒரு பாட்டில் ஒரு கிலோ. முழங்கையை மடக்கித் தோள்வரை தூக்குவது, பிறகு தோளுக்கு மேல் தூக்குவது. நாலாவது, துணிப்பையில் 2 கிலோ அரிசியைப் போட்டு, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, மற்றக் கையால் பையை விலாவரை இழுப்பது. ஐந்தாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது.

ஒவ்வொன்றும் பத்துத் தடவை. சற்று இளைப்பாறி இன்னொரு பத்து. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். அதுதான் சரியான பாரம். பதினைந்து தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். கூட்டாமல் வருஷக்கணக்கில் அதே பாட்டிலைத் தூக்கினால், பாட்டிலுக்குத்தான் பயிற்சி! தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். ஒருபோதும் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். ரத்த அழுத்தம் எகிறும்.

பாரம் தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளைபோல் ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆகாது. அதற்கு வேண்டிய சுரப்பு நீர் பெண் உடம்பில் மிகக் குறைவு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. பெண்களும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தூக்குகிறார்கள். யாரும் மீசையோடு வீடு திரும்பவில்லை!

ஜாக்கிரதை!

இனிச் சொல்வதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் அடங்காதவர்கள், அவர் அனுமதியின்றிப் பாரத்தைத் தொடவே கூடாது. காலில் உணர்ச்சி மரத்திருந்தால் மூடிய செருப்பு அணிந்து செய்யுங்கள். முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சிக்கு முன் விரல் நுனியில் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250-க்கு மேலிருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம், வைத்தியரைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். பயிற்சியின் பலன் பல மணி நேரம் நீடிப்பதால், அன்று ராத்திரி சர்க்கரை இறங்குவதும் உண்டு. பாரம் தூக்கிய சற்று நேரத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறிக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். வேகத்தில் சுரக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது. பிறகு இறங்கிவிடும்.

கை நடுக்கம், திடீர் வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, பேச்சுக் குழறல்: இவை சர்க்கரை இறங்கியதன் அடையாளங்கள். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். கால் மணி கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி. சரியானதும் ஏதாவது ஆகாரம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள். இந்த வியாதி உள்ளவர் கைப்பையில் ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கோயிலுக்குப் போகும்போது கற்பூரத்தை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

பெரியம்மா ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. பாட்டில் ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டராகிவிட்டது. சென்ற மாதப் பரிசோதனையில் 7.6 வந்தது. ஏழுக்குக் கீழே இன்னும் வரவில்லை; வைத்தியர் அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்தவள், சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்து நின்றாள். "பார்த்தாயா?" என்றாள். பார்த்தேன்.

"வருகிற ஆடி மாதம் கொல்லிமலைக்குப் போகணும்" என்கிறாள் இப்போது.

"இன்னொரு பிரார்த்தனையா?"

"அந்த அம்மாளைப் பார்க்கணும், டீ. பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே! இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் படியில் இறங்குவேன். ஏறும்போது அவள் கூடையை நான் கொஞ்ச தூரமாவது தூக்கிக்கொண்டு வருகிறேன்."